சக்கரமும் ஊரும் – 14: அடைப்புக்குறிக்குள் ஒரு ஊர்

அலிபிரி சோதனைச் சாவடியைத் தாண்டி மலையேறும் வண்டிக்கு ஒரு சீட்டு கொடுப்பார்கள். உள்ளங்கையில் அடங்கும் தாள். அதில் வண்டி எண்ணும் நேரமும் அடித்திருக்கும். மேலே போய்ச் சேரக் குறைந்தது 28 நிமிடம், கீழே இறங்கக் குறைந்தது 40 நிமிடம் என்பது திருமலைப் பாதையின் கணக்கு. அதற்கு முன்னால் போய் நின்றால் வேகமாக ஓட்டினீர்கள் என்று அந்தத் தாளே சாட்சி சொல்லிவிடும். 1944-ல் திறந்த பழைய பாதை இப்போது இறங்குவதற்கு. கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்த பாதை அதுதான். 1974-ல் போட்ட இரண்டாவது பாதை ஏறுவதற்கு. மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரிந்த எவருக்கும் கை துறுதுறுக்கும் வளைவுகள் அவை. ஆனால் அங்கே நடந்து போகிறவர்கள் இருக்கிறார்கள், குழந்தைகளை மடியில் வைத்த குடும்பங்கள் இருக்கின்றன, காட்டு மிருகங்கள் குறுக்கே வருகின்றன. வேகத்துக்கு இது இடமில்லை என்று நிர்வாகம் முடிவு செய்தது மிகச் சரி. எனக்குள்ள கேள்வி வேறு. வேகத்துக்கு இடம் எது?

அலிபிரியிலிருந்து ஐந்து மணி நேரப் பயணத்துக்குள் ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள். பழைய பந்தயக் களமான சோழவரம் அதற்குள் வருகிறது. இன்றைய பந்தயத் தளமான இருங்காட்டுக்கோட்டை வருகிறது. தென்கிழக்கே சத்யவேடு பக்கம் மதனபாளையத்தில் ஹீரோ மோட்டோகார்ப் தொழிற்சாலை இருக்கிறது. மேற்கே, குப்பத்தைத் தாண்டிப் போனால் ஓசூர். இந்தியாவில் மோட்டார் சைக்கிள் பந்தயம் என்று எதைச் சொல்கிறோமோ அதில் பெரும்பங்கு இந்த வட்டத்துக்குள்தான் உருவானது. அப்படியிருந்தும் இந்த வட்டத்தில் ஒரு ஊராவது ‘இது எங்கள் அணி’ என்று சொல்லிக்கொள்ளும் நிலையில் இல்லை. வண்டி செய்யத் தெரியாததால் அப்படி ஆகவில்லை, ஓட்ட ஆள் இல்லாததாலும் ஆகவில்லை. ஊர்க்காரர்கள் வேலை முடிந்து மாலையில் நடந்துபோய்ப் பார்க்கக்கூடிய ஒரு மைதானம் இல்லை. அதனால்தான் ஊர் அணியும் இல்லை. இந்த வாரம் நான் நிறுவ முயல்வது இதைத்தான். அதற்கு ஓசூரை எடுத்துக்கொள்கிறேன். ஓசூர் என் வாதத்துக்கு வசதியான ஊர் இல்லை. அங்கே ஒரு அணி பிறந்து நாற்பது ஆண்டுக்கு மேல் உயிரோடு இருக்கிறது. வாதத்தைச் சோதிக்க அதுதான் பொருத்தமான இடம்.

1980-ல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 மொபெட் வெளிவந்தது. பெங்களூரின் குளிர் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு எல்லை ஊர் அன்றைய ஓசூர். சிப்காட் தொழிற்பேட்டை வந்த பிறகுதான் ஊரின் முகமே மாறியது. 1982-ல் அந்த மொபெட்டைச் செய்த டிவிஎஸ் தொழிற்சாலை ஒரு பந்தய அணியைத் தொடங்கியது. இந்தியாவில் ஒரு வண்டித் தயாரிப்பாளர் முறையாக நடத்திய முதல் தொழிற்சாலை அணி என்று டிவிஎஸ் ரேசிங்கைச் சொல்கிறார்கள். பால்காரரும் விவசாயியும் மூட்டை கட்டிக்கொண்டு போவதற்கென்று செய்த 50 சிசி வண்டியை வைத்துக்கொண்டு பந்தயத்துக்குப் போனார்கள் என்பதைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். அன்றைய பந்தயங்களில் மொபெட்டுக்கென்றே தனிப் பிரிவு இருந்தது. சின்ன டூ-ஸ்ட்ரோக் என்ஜினில் வேகம் கூட்டுவது நுட்பமான வேலை. சிலிண்டரின் போர்ட்டை அரம் போட்டு அரை மில்லிமீட்டர் உயர்த்துவார்கள், ஹெட்டைத் தேய்ப்பார்கள், கார்பரேட்டர் ஜெட்டை மாற்றி ஸ்பார்க் பிளக்கின் நிறம் பார்ப்பார்கள். பிளக் வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கறுத்திருந்தால் அதிகம், வண்டி முக்கும். காப்பிப் பொடி நிறத்தில் வந்தால் செட்டிங் சரி. வடிவமைப்பு மேசையில் கிடைக்காத பாடங்கள் இவை. தொழிற்சாலைக்குப் பந்தயம் ஏன் தேவைப்பட்டது என்பதற்கு அந்தக் காப்பிப் பொடி நிறம் ஒன்றே போதும்.

அவர்கள் போன களம் சோழவரம். அதைப் பற்றி முந்தைய வாரங்களில் விரிவாகவே பார்த்துவிட்டோம் என்பதால் இங்கே தேவையானதை மட்டும் சொல்கிறேன். இரண்டாம் உலகப் போருக்காகப் போட்ட விமான ஓடுதளம். 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதைக் கேட்டு வாங்கிப் பந்தயம் நடத்தியது. பிப்ரவரி வந்தால் கல்கத்தா சாலை முழுக்க வண்டிகள். மைசூரின் ஐடியல் ஜாவா, திருவொற்றியூரின் என்ஃபீல்டு, பிறகு ஓசூரின் மொபெட்டுகள் என்று தொழிற்சாலைகளின் கௌரவம் அந்த ஓடுதளத்தில் மோதிக்கொண்டது. வெயிலில் நின்று பார்த்த கூட்டத்துக்குக் கணக்கே இல்லை. ஆனால் சோழவரத்துக்கு அதில் பங்கு என்ன? ஆண்டுக்கு ஒருமுறை வரும் திருவிழா, மறுநாள் காலி மைதானம். இடம் கிளப்புடையதும் இல்லை, ஊருடையதும் இல்லை. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் கிளப் தன் சொந்த நிலத்தில் 3.7 கிலோமீட்டர் நீளமும் 12 வளைவும் கொண்ட பந்தயத் தளத்தைத் திறந்தது. அதற்குப் பிறகு சோழவரம் நினைவுகளில் மட்டும் மிச்சமானது. பந்தயம் செத்துவிடவில்லை, இன்னும் நல்ல தளத்துக்குப் போயிற்று. ஆனால் சோழவரத்தில் ஒரு பந்தய மரபு என்று எதுவும் தங்கவில்லை. இரவல் நிலத்தில் நடந்ததற்கு வேர் பிடிக்க வழி இருக்கவில்லை.

ஓசூர் அணி மட்டும் மேலே மேலே போனது. இதைக் குறைத்துச் சொல்வது அநியாயம். சுசுகியோடு சேர்ந்து செய்த இரு சக்கர வண்டிகள் ஒரு காலம். 1994-ல் ஒரே மாதிரி வண்டிகளில் எல்லோரும் ஓட்டும் ஒன்-மேக் போட்டி. 2001-ல் சுசுகியிடமிருந்து பிரிந்து சொந்தக் காலில் நின்றது. 2007-ல் அப்பாச்சி ஆர்டிஆர் வந்தபோது பந்தயத்தில் கற்றது கடைவீதிக்கு வந்துவிட்டதாக நிறுவனமே சொல்லிக்கொண்டது. 2015-ல் பிரான்ஸின் ஷெர்கோவோடு சேர்ந்து டக்கார் ராலிக்குப் போனார்கள். அந்தப் பாலைவனப் போட்டிக்கு ஒரு இந்தியத் தொழிற்சாலை அணி போனது அதுவே முதல் முறை. 2019-ல் கே.பி. அரவிந்த் டக்காரை 37-ஆம் இடத்தில் முடித்தார். அதே ஆண்டு ஐஸ்வர்யா பிஸ்ஸே பஹா பந்தயங்களுக்கான மகளிர் உலகக் கோப்பையை வென்றார். 2024 டக்காரில் ஹரித் நோவா ராலி 2 பிரிவில் முதலிடம் பிடித்தார். மொபெட்டில் தொடங்கிய ஒரு சிறு நகரப் பட்டறைக்கு இது சாமானியமான பயணமா?

இப்போது அந்தப் பெயர்களின் ஊர்களைப் பாருங்கள். அரவிந்த் உடுப்பிக்காரர். ஐஸ்வர்யா பெங்களூரு. ஹரித் நோவா கேரளத்தின் ஷோரணூர். தார்ச்சாலைப் பந்தயத்தில் இந்த அணிக்காக ஓட்டி தேசியப் பட்டங்களைக் குவித்த ஜெகன் குமார் சென்னை. செய்தித்தாளில் பந்தய முடிவு எப்படி வரும் என்று வாசகர்கள் கவனித்திருப்பீர்கள்: வீரரின் பெயர், பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் அவருடைய ஊர், கமா போட்டு அணியின் பெயர். சென்னை வரும், பெங்களூரு வரும். ஓசூர் வராது. அணியின் வண்டி பிறந்த ஊர், என்ஜின் திறந்து மூடப்படும் ஊர், ஜெட் மாற்றிய மெக்கானிக் பஸ் ஏறி வீட்டுக்குப் போகும் ஊர் அந்த வரியில் எங்கேயும் இல்லை. யாருடைய சதியும் இதில் இல்லை. பந்தயம் இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை செட்டிப்பாளையத்திலும் நடக்கிறது. ஆண்டுக்கு நாலைந்து சுற்று. ஓசூர்க்காரர் ஒருவர் தன் ஊர் வண்டி ஜெயிப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பயணம் போக வேண்டும். கண்ணால் பார்க்காத வெற்றியை ஊர் எப்படிக் கொண்டாடும்?

ஊர் அணி என்பது நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதற்கு ஸ்பீட்வே என்ற பந்தயத்தைப் பார்க்க வேண்டும். நம் நாட்டில் வேர் பிடிக்காத பந்தயம் என்பதால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். 1923 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் வெஸ்ட் மெய்ட்லாண்ட் என்ற சிற்றூரில், வேளாண் கண்காட்சி நடக்கும் மைதானத்தில், விளக்கு வெளிச்சத்தில் நடந்த போட்டியைத்தான் பலரும் இதன் தொடக்கமாகக் கொள்கிறார்கள். நடத்தியவர் ஜானி ஹாஸ்கின்ஸ். கண்காட்சிக்குக் கூட்டம் சேர்க்க வேண்டிய பொறுப்பில் இருந்தவர். 1928 பிப்ரவரியில் லண்டனுக்கு வெளியே ஹை பீச்சில் நடந்த பந்தயத்தோடு இங்கிலாந்தில் அது காட்டுத்தீயாகப் பரவியது. முட்டை வடிவத்தில் மண் தளம். ஒரு சுற்று 260 மீட்டரிலிருந்து 425 மீட்டருக்குள். ஒரு ஓட்டத்துக்கு நாலு பேர், நாலு சுற்று, ஏறத்தாழ ஒரு நிமிடம். முதலாவதுக்கு 3 புள்ளி, அடுத்து 2, அடுத்து 1, கடைசிக்கு ஒன்றுமில்லை. ஓர் இரவில் 15 ஓட்டம். இரு அணி, இரு ஊர். எந்த ஊருக்குப் புள்ளி அதிகமோ அது ஜெயித்தது. கபடிக்குக் கணக்கு வைக்கத் தெரிந்தவர் முதல் நாளிலேயே இதைப் பென்சிலால் குறித்துக்கொள்ளலாம்.

வண்டி இன்னும் விசித்திரம். 500 சிசி, ஒற்றை சிலிண்டர், மெத்தனாலில் ஓடும். ஒரே கியர். பிரேக் கிடையாது. முன்னும் பின்னும் கிடையாது. ஓட்டுபவரின் இடது காலணிக்கு அடியில் இரும்புத் தகடு ஒன்று மாட்டியிருக்கும். வளைவு வந்தால் அந்தக் காலை மண்ணில் ஊன்றி, பின் சக்கரத்தை வேண்டுமென்றே வெளிப்பக்கம் சறுக்கவிட்டு, ஹாண்டிலை வலது பக்கம் திருப்பிக்கொண்டே இடது பக்கம் வளைவார்கள். வலது மணிக்கட்டில் ஒரு கயிறு கட்டியிருக்கும். ஆள் விழுந்தால் கயிறு இழுபட்டு என்ஜின் அணைந்துவிடும். ஓட்டம் தொடங்குமுன் நால்வரும் குனிந்து தங்கள் கோட்டில் மண்ணைக் காலால் கிளறி, பின் சக்கரம் கவ்வ ஒரு மேடு செய்துகொள்வார்கள். நம் ஊர் உழவர் ஏர் பூட்டுமுன் மண்ணை மிதித்துப் பார்ப்பது போன்ற கவனம் அது. கேலரியில் எங்கே உட்கார்ந்தாலும் முழுப் பந்தயமும் கண்ணில் படும் என்பதுதான் என் வாதத்துக்கு முக்கியம். இருங்காட்டுக்கோட்டையில் ஒரு வளைவில் நின்றால் அந்த வளைவு மட்டும்தான் தெரியும். இங்கே நாலு பேரும் கண் முன்னாலேயே சுற்றுகிறார்கள். ஊர் முழுக்க ஒரே நேரத்தில் ஒரே காட்சியைப் பார்க்கிறது. ‘எங்கள்’ என்ற சொல் அப்படித்தான் பிறக்கும்.

போலந்தில் லெஷ்னோ என்று ஒரு ஊர். மக்கள்தொகை அறுபதாயிரத்தைச் சற்றுத் தாண்டும். 1938-ல் தொடங்கிய யூனியா லெஷ்னோ அணி போலந்தின் அணிப் பட்டத்தை 18 முறை வென்றிருக்கிறது. 2017 முதல் 2020 வரை தொடர்ந்து நாலு முறை. வார்சாவுக்கும் கிராக்கோவுக்கும் இல்லாத பெயர் இந்தச் சிற்றூருக்கு இந்த ஒரு விளையாட்டில் இருக்கிறது. மைதானத்துக்கு ஆல்ஃப்ரெட் ஸ்மோச்சிக்கின் பெயர். 1949-ல் போலந்து சாம்பியனான உள்ளூர்ப் பையன். அடுத்த ஆண்டே, 21 வயதில், பந்தயத் தளத்தில் அல்லாமல் பொதுச்சாலையில் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்துபோனார். 2024-ல் அணி முதல் பிரிவிலிருந்து கீழே இறங்கியபோதும் ஊர் அதைக் கைவிடவில்லை. அதே நாட்டின் டோரூன் நகரில் 2009-ல் மோட்டோஅரீனா என்ற பெரிய ஸ்பீட்வே ஸ்டேடியத்தையே நகர நிர்வாகம் கட்டிக்கொடுத்தது. மைதானம் ஊருடையது, அணி அதில் ஆடுகிறது. அங்கே ஸ்பீட்வே ஊர்ச்சொத்தாக இருப்பதன் அடிப்படை அதுதான்.

இதற்கு நேர்மாறான சாட்சி இங்கிலாந்து. ஸ்விண்டன் அணி 1949 முதல் பிளன்ஸ்டனில் ஓடியது. ஸ்டேடியம் கைவிட்டுப் போக, 2019-தான் அங்கே கடைசிப் பருவம். கவென்ட்ரியின் பிராண்டன் மைதானம் வீட்டுமனை போடுபவர்கள் கைக்குப் போனது. 2016-க்குப் பிறகு அங்கே என்ஜின் சத்தம் இல்லை. பீட்டர்பரோ 2023-ல் கண்காட்சி மைதானத்தை இழந்தது. அதே ஆண்டு வுல்வர்ஹாம்ப்டனும். 1928-லிருந்து ஓடிய இடத்தில் நாய்ப் பந்தயத்துக்கே முதலிடம் என்று ஸ்டேடியம் நடத்துபவர்கள் முடிவெடுத்தார்கள். இந்த அணிகளில் சில அதற்கு ஓராண்டு ஈராண்டு முன்புதான் பட்டம் வென்றிருந்தன. ஆட்டத்தில் தோற்று அழிந்த அணிகள் இல்லை இவை. ரசிகர்கள் ஊரிலேயே இருந்தார்கள், வீரர்கள் வேறு அணிக்குப் போய் ஓட்டினார்கள், வண்டிகள் ஷெட்டில் இருந்தன. போனது நிலம் மட்டும். நிலம் போனதும் அணி போனது. அணிக்கு எது உயிர்நிலை என்பதை இதைவிடத் தெளிவாக வேறு எது காட்டும்?

நமக்கு நெருக்கமான இன்னொரு கதை உண்டு. மைசூரில் 1960-ல் தொடங்கிய ஐடியல் ஜாவா நமக்குத் தெரியும்; ஜாவாவும் யெஸ்டியும் ஓடாத தமிழ்நாட்டு ஊர் உண்டா? அந்த ஜாவா என்ற பெயரின் தாய்நாடான செக் நாட்டில் திவிஷோவ் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. போருக்குப் பின் அங்கே ஈசோ என்ற பெயரில் பந்தய வண்டி செய்த ஒரு பட்டறை, 1964-ல் ஜாவாவோடு இணைந்தது. அங்கிருந்து போன ஸ்பீட்வே வண்டிகளில்தான் நியூசிலாந்தின் ஐவன் மாகர் போன்றவர்கள் உலகப் பட்டங்களை வென்றார்கள். திவிஷோவில் பட்டறையும் இருந்தது, பக்கத்திலேயே பந்தயத் தளமும் இருந்தது. மைசூரில் பட்டறை இருந்தது. தளம் சோழவரத்தில் இருந்தது. 1996-ல் ஐடியல் ஜாவா கதவை மூடியபோது மைசூரின் பந்தயக் கதையும் அதோடு முடிந்தது. ஓட்டியவர்களும் மெக்கானிக்குகளும் ஊரில்தான் இருந்தார்கள். ஆனால் அவர்களைச் சேர்த்து வைக்க ஊருக்குள் ஒரு வட்டத் தளம் இருக்கவில்லை.

இங்கே ஒரு கனமான மறுப்பு வரும், வர வேண்டும். ‘நீங்கள் புகழும் ஊர் அணிகள் ஒவ்வொன்றாகச் சாகின்றன, நீங்கள் குறை சொல்லும் தொழிற்சாலை அணி நாற்பது ஆண்டுக்கு மேல் நிற்கிறது. எது உறுதியானது?’ ஆயுள் என்று பார்த்தால் ஓசூர் அணிக்கு நான் தலை வணங்குகிறேன். ஒரு நிறுவனம் இத்தனை காலம் விடாமல் பந்தயத்தில் பணம் போட்டது இந்தியாவில் அரிது. ஆனால் அந்த ஆயுள் ஒரே ஒரு நூலில் தொங்குகிறது. நிர்வாகம் ஒரு நாள் வேண்டாம் என்று முடிவெடுத்தால் கேட்க ஆளில்லை. மைசூரில் நடந்தது அதுதான். தொழிற்சாலை உயிரை விட்டது, அணியும் விட்டது. ஸ்விண்டனில் தெருவுக்கு வந்து மனுக் கொடுக்க ரசிகர்கள் இருந்தார்கள். பிராண்டனில் வீடு கட்டும் திட்டத்தை எதிர்த்து ஊர்க்காரர்கள் ஆண்டுக்கணக்கில் போராடி, அது மறுக்கப்படும் அளவுக்குக் கொண்டுபோனார்கள். தோற்றாலும் வென்றாலும் அது ஊரின் வழக்கு. ஓசூர் அணிக்கு அப்படி வாதாட ஓசூரில் யார் வருவார்கள்? தொழிற்சாலைப் பணமும் ஊர் மைதானமும் ஒன்றுக்கொன்று எதிரி என்று நான் சொல்லவில்லை. முதலாவது இருந்தும் இரண்டாவது இல்லாததுதான் நம் குறை.

இரண்டாவது மறுப்பு சத்தம், தூசு. இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. இங்கிலாந்தின் மில்டன்ஹால் என்ற சிற்றூர் ஸ்பீட்வே மைதானத்துக்கு அருகில் 2006-ல் வீடு வாங்கிக் குடிவந்தவர்கள் தொடுத்த வழக்கு, 2014-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வரை போனது. மைதானம் எங்களுக்கு முந்தியது, நீங்கள்தானே தெரிந்து வந்தீர்கள் என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. வீட்டுக்காரர்கள் பக்கமே தீர்ப்பானது. அது நியாயமான தீர்ப்பு என்றே நினைக்கிறேன். ஒருவருடைய மாலைப் பொழுதைக் கெடுத்து இன்னொருவர் விளையாடக் கூடாது. ஆகவே ஊருக்குள் என்று நான் சொல்வது குடியிருப்புக்கு நடுவே என்ற பொருளில் இல்லை. ஓசூர் மாதிரி ஊரில் சிப்காட்டின் ஓரத்தில், ஏற்கெனவே லாரியும் பிரஸ் மெஷினும் ஓடும் இடத்தில், டவுன் பஸ் போய்ச் சேரும் தூரத்தில் இருந்தால் போதும். ஓட்டம் ஒரு நிமிடம்தான், மாலையில் 15 ஓட்டம்தான். மொத்தச் சத்தம் கால் மணி நேரம். தண்ணீர் தெளித்தால் தூசு அடங்கும். தெளிக்காமல் அந்த மண்ணில் ஓட்டவும் முடியாது.

நிலத்துக்கு எங்கே போவது என்பார்கள். இருங்காட்டுக்கோட்டை மாதிரித் தளத்துக்கு நூற்றுக்கணக்கான ஏக்கர் வேண்டும், உண்மை. ஆனால் 300 மீட்டர் மண் வட்டம் என்பது கல்லூரிகளில் இருக்கும் 400 மீட்டர் ஓட்டப்பந்தயத் தடத்தைவிடச் சிறியது. நாலைந்து ஏக்கர். ஒரு கல்யாண மண்டபமும் அதன் வண்டி நிறுத்தும் இடமும் சேர்ந்து அந்த அளவுக்கு வந்துவிடுகிறது. தொண்ணூறுகளில் எம்ஆர்எஃப் நடத்திய சூப்பர்கிராஸ் பந்தயங்களுக்கு ஊர் மைதானங்களில் லாரி லாரியாக மண் கொட்டி மேடு பள்ளம் செய்தார்கள், கூட்டம் அலைமோதியது, முடிந்ததும் மண்ணை அள்ளிப்போட்டு மைதானத்தை முன்பிருந்தபடி ஆக்கினார்கள். ஆர்வம் இருந்தது என்பதற்கு அது சாட்சி. அள்ளாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நாம் பார்க்கவே இல்லை.

இது வெள்ளைக்காரன் விளையாட்டு, நமக்கு ஒட்டாது என்ற பேச்சையும் கேட்கிறோம். தேனியிலோ பொள்ளாச்சியிலோ ரேக்ளா நடக்கும் இடத்தில் மைக்கில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுப் பார்க்கட்டும். காளையின் சொந்தக்காரர் பெயரோடு ஊர்ப்பெயரும் சேர்ந்துதான் வரும். பல நேரம் ஊர்ப்பெயரே முந்தும். அலிபிரிக்குப் பக்கத்திலேயே, சந்திரகிரியை அடுத்த ரங்கம்பேட்டையில், கனுமா நாளில் பசுவுல பண்டுகாவுக்கு மாடு விடும்போது ஊர் முழுக்க வாசலிலும் மாடியிலும் நிற்கிறது. வேகத்தையும் துணிச்சலையும் ஊர்ப்பெயரோடு கட்டிப் பார்க்கும் வழக்கம் நமக்குப் புதிதில்லை. மோட்டார் சைக்கிளுக்கு மட்டும் அந்த வழக்கம் வராமல் போனதற்கு, அதை நாம் ஊர்ப் பொதுவிடத்திலிருந்து எடுத்துக் கிளப்புக்கும் கம்பெனிக்கும் கொடுத்துவிட்டதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

கடைசியாக, பெற்றோர்களின் பயம். பந்தயம் பார்த்த பையன் ரோட்டில் பறப்பான் என்கிறார்கள். மைதானம் கட்டினால் சாலை விபத்து குறையும் என்று எண்ணிக்கை காட்டி நிரூபிக்க என்னால் முடியாது. அப்படி வாக்குக் கொடுப்பதும் பொறுப்பில்லாத வேலை. ஆனால் லெஷ்னோவின் ஸ்மோச்சிக்கை நினைத்துப் பாருங்கள். பிரேக் இல்லாத வண்டியில் மண் வட்டத்தில் சாம்பியனான ஒருவன் உயிரை விட்டது, பிரேக் இருக்கும் வண்டி போகும் பொதுச்சாலையில். தளத்தில் எல்லோரும் ஒரே திசையில் போகிறார்கள், எதிரே லாரி வராது, குறுக்கே ஆடு வராது, டாக்டரும் ஆம்புலன்ஸும் வேலியோரம் நிற்கிறார்கள், விழுந்தால் என்ஜின் தானே அணைகிறது. இதில் எதுவும் சாலையில் கிடையாது. அலிபிரியின் 28 நிமிடச் சீட்டு சாலைக்கான சட்டம். அந்தச் சட்டத்தை நான் முழு மனதோடு ஏற்கிறேன். ஆனால் மதனபாளையத்தில் மோட்டார் சைக்கிள்கள் செய்து அனுப்பும் ஒரு மாவட்டத்தில், இருபது வயதுப் பையன் ஒருவனுக்கு அந்தச் சீட்டைத் தவிர வேகத்தைப் பற்றிச் சொல்ல நம்மிடம் வேறு எதுவும் இல்லையே என்ற கவலை எனக்கு இருக்கிறது.

நிறுவனங்கள் தங்கள் பெயரை விட்டுக்கொடுக்குமா என்று கேட்கலாம். விட்டுக்கொடுக்கத் தேவையே இல்லை. போலந்தில் லெஷ்னோ அணியின் முழுப்பெயர் ஃபோகோ யூனியா லெஷ்னோ. ஃபோகோ ஜெனரேட்டர் செய்யும் நிறுவனம், பணம் தருபவர்கள். பெயரின் முதலில் நிற்கிறார்கள். யூனியா அணியின் பெயர். கடைசிச் சொல் ஊர். பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து ஆடும் நாளில் ஸ்கோர் போர்டில் இடம் போதாமல் போனால் முதல் இரண்டு சொல்லையும் விட்டுவிட்டு மூன்றாவதை மட்டும்தான் எழுதுகிறார்கள்.